கொட்டியாரப் பற்றும் கிறித்தவ இறையியலும்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துக் கிறித்தவ வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் மறைபரப்புநரின் வருகை, ஆலயங்களின் தோற்றம், கல்விக்கூடங்களின் வளர்ச்சி என்பவற்றையே விரித்துரைத்துள்ளனர். பொதுமக்கள் தம் நாளாந்த வாழ்வில் இறைவனைப் பற்றி எவ்வாறு சிந்தித்தனர் என்னும் வினா போதிய கவனத்தைப் பெற்றிலது. இறையியல் கற்றோர் எழுதிய நூல்களில் மட்டும் உறைவதன்று. செபத்திலும் புலம்பலிலும் உறவுப் பெயர்களிலும் அது வாழ்கின்றது. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே மூதூர், கிளிவெட்டி முதலிய ஊர்களைக் கொண்ட கொட்டியாரப் பற்றை முன்னிறுத்தி இதனை நோக்குவோம்.

இப்பிரதேசம் கிறித்தவத்தை முதலில் படைபலத்தோடு சேர்த்தே அறிந்தது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தனர். 1624இல் அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். 1639இல் அக்கோட்டையை ஒல்லாந்தர் கைப்பற்றினர். கொட்டியாரமோ கண்டி மன்னரின் துறையாக விளங்கிற்று. ஆங்கிலேயரான ரொபேட் நொக்ஸ் 1660இல் சிறைப்பட்டது இங்கேயே. கோயிலை இடித்தோரின் சமயம் தமிழரின் வீட்டுமொழியானது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு விடை, கோட்டை கைவிட்ட காலத்திலேயே கிடைக்கின்றது. 1658இல் ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதித்தனர். குருவில்லாத சபையைப் பொதுநிலையினரான மூப்பரும் அண்ணாவிமாரும் காத்தனர். செபம் சொல்லிக் கொடுத்தலும், சாகுந் தறுவாயில் உள்ளோர்க்குத் துணை நிற்றலும் அவர்தம் பணிகளாயின. 1687இல் கோவையிலிருந்து, அதாவது கோவாவிலிருந்து, மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகள் இவ்வமைப்பையே வலுப்படுத்தினார். அவருக்குக் கண்டியரசு புகலிடமாயிற்று.

1705இல் வந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். அவருடைய வியாகுலப் பிரசங்கத்தைத் தபசுகாலத்தில் இராகத்தோடு வாசிக்கும் வழக்கம் ஈழத்துக் கத்தோலிக்கரிடையே வேரூன்றிற்று. மகனை இழந்த தாயின் துயரைத் தமிழர் ஏற்கெனவே ஒப்பாரியில் அறிந்திருந்தனர். ஆகவே மீட்பு என்னும் அரிய கோட்பாடு அவர்களுக்கு வாதமாக அன்றி, அழுகையாகவே விளங்கிற்று எனலாம்.

சொற்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. 1578இல் கொல்லத்தில் அச்சான தமிழ் நூலின் பெயரே ‘தம்பிரான் வணக்கம்’ என்பதாம். பின்னர் கத்தோலிக்கர் சர்வேசுரன் என்றனர்; பப்ரிசியுசின் வேதாகமம் பராபரன் என்றது; பவரின் மொழிபெயர்ப்பு தேவன் என்றது. இவை யாவும் அயற்சமயத்தாருக்கும் புரிந்த சொற்கள். திருமுழுக்கின்போது பிள்ளையை ஏந்துவோர் ஞானத்தாய், ஞானத்தகப்பன் எனப்பட்டமையால் கோட்பாடு உறவுமுறையாகவும் வடிவெடுத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962–1965) பின் வழிபாடு தமிழில் நிகழ்ந்தபோது, மக்கள் புதிய மொழியொன்றுக்கு மாறவில்லை. வீட்டில் வழங்கிய மொழியே பீடத்துக்கு ஏறிற்று.

இம்மரபு இன்று எதிர்நோக்கும் சோதனை வேறு. 2006இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்தோருட் பலர் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் நெடுநாள் தங்கினர்; அவர்தம் நிலங்கள் 2015 முதலே விடுவிக்கப்படலாயின. கிளிவெட்டி சைவர் பெருகிய ஊர். அயலில் இசுலாமியரும் கிறித்தவரும் வாழ்கின்றனர். இத்தகைய சூழலில் ‘அயலான் யார்?’ என்னும் நற்செய்தி வினா மறையுரைக்குரிய பொருளாக மட்டும் இராது. தண்ணீரும் சோறும் பகிர்வதிலும், இழவில் உடன் அமர்வதிலும் விடை வேண்டி நிற்கும்.

இடப்பெயர்வு முதலில் சிதைப்பது வாய்மொழி மரபையே. நூல்கள் நூலகங்களில் எஞ்சலாம். ஆயின் மூதாட்டியர் நினைவிலுள்ள செபங்களும் புலம்பல்களும் அவர்களுடனேயே மறையும். அவற்றை ஊர்தோறும் சென்று தொகுத்தலே ஈழத்து இறையியல் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் ஆற்றவேண்டிய பணியாகும்.