ஊர்ல பிரஷர் மாத்திரை இலவசம்தான். பிறகு ஏன் பாதியில் நிற்குது?

ஊரில் இருக்கும் அப்பாவுக்கு, வெவ்வேறு நாளில் பார்த்தும் பிரஷர் 140/90-க்குக் கீழே இறங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்லோடிபின் போன்ற மாத்திரை இலவசம். பிறகு எங்கே சிக்கல்?

தொடர்ந்து சாப்பிடுவதில்தான். வலி எதுவும் தெரியாது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை வாங்கப் போனால் அன்றைய கூலியும் போச்சு. ஆனால், கட்டுப்படாத பிரஷர் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகப் பாதிப்பு வரை கொண்டுபோய்விடும்.

தமிழ்நாடு கண்ட வழி, மருந்தை வீட்டுக்கே அனுப்புவது. கர்நாடக எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில், 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. நோயை உறுதிசெய்து மருந்து எழுதுவது மருத்துவர். வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை தருவது மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்.

2017-ல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டமும் இதையே வலியுறுத்துகிறது: எளிய சிகிச்சை முறை, தட்டுப்பாடு இல்லாத மருந்து, நோயாளி திரும்ப வந்தாரா என்ற கணக்கு.

அளவு இயல்புக்கு வந்தாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அதை இயல்பில் வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். அடுத்த தடவை ஊருக்கு ஃபோன் பண்ணும்போது "சாப்பிட்டீங்களா"வோடு நிறுத்தாதீங்க. "மாத்திரை இருக்கா, கடைசியா எப்போ பிரஷர் பார்த்தீங்க"ன்னும் கேளுங்க.