எட்சி என்ற ட்ரங்குப் பெட்டி

லயத்து வீடுகள்ல கட்டிலுக்கடியில ஒரு ட்ரங்குப் பெட்டி இருக்கும். பிறப்புப் பத்திரம், ஈபிஎஃப் கடதாசி, அடகுச் சீட்டு, தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் என்று வேற எங்கயும் வைக்க இடமில்லாததெல்லாம் அதுக்குள்ளதான். லினக்ஸிலும் அப்படி ஒரு பெட்டி உண்டு. பெயர் 'எட்சி'.

1970களில் பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் எழுதியவர்கள் வைத்த பெயர் அது. 'எட்செட்ரா', அதாவது 'இன்ன பிற'. கடவுச்சொல் கோப்பும் அங்கதான், கணினியைக் கிளப்பும் 'இனிட்' நிரலும் அங்கதான் கிடந்தது. லினக்ஸ் வந்தபோது ஒவ்வொரு வெளியீடும் கோப்புகளை ஒவ்வொரு இடத்தில் போட, 1994 பெப்ரவரி 14 அன்று கோப்புறைகளுக்கான முதல் பொதுவிதி வெளியானது (காதலர் தினத்துல இதைப் போய் செஞ்சிருக்காங்க!). அதன் வாரிசான எஃப்எச்எஸ், எட்சிக்குள் அமைப்புக் கோப்புகள்தான், நிரல்கள் கூடாது என்கிறது. பொதி கொண்டு வருகிற மற்றவை 'யூஎஸ்ஆர்' கோப்புறைக்குள்.

இதெல்லாம் நமக்கெதுக்கு என்றுதான் நாமும் நினைத்தோம். கேகாலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், பிள்ளைகள் தமிழ் தட்டெழுதப் பழகுவதற்காக ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டோம். இலங்கை விசைப்பலகைக்கு அதில் 'எல்கே' என்று ஒரு கோப்பு. சிங்களமும் தமிழ்நெட் 99உம் அந்த ஒரே கோப்புக்குள்ள பக்கத்துப் பக்கத்துல இருக்கு. அதைத் திறந்து இரண்டு விசைகளை மாற்றினோம். பிள்ளைகளும் பழகிட்டாங்க. அடுத்த அப்டேட்டில் எல்லாம் போச்சு. ஒரு கேள்விகூட கேட்கல.

பிழை நம்முடையதுதான். அந்தக் கோப்பு இருந்தது யூஎஸ்ஆரில். அது பொதி செய்தவரின் இடம், புதுசு வந்தால் பழசை அப்படியே அழிச்சிடும். எட்சி இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவரின் இடம். 1993இல் தொடங்கிய டெபியனின் கொள்கை, அங்கே நாம் செய்த மாற்றத்தை அப்டேட் காப்பாற்ற வேண்டும் என்கிறது. பொதியின் கோப்பும் மாறியிருந்தால், "உன்னுடையதை வைக்கவா, புதியதைப் போடவா?" என்று கேட்கும். பதில் சொல்லாமல் என்டர் தட்டினால் நம்முடையதுதான் நிற்கும்.

தனி ஆளின் விருப்பங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் போகும். புள்ளியில் தொடங்கும் கோப்பு கண்ணுக்குத் தெரியாததே ஒரு தற்செயல்தான் என்று யுனிக்ஸ்காரர் ராப் பைக் எழுதியிருக்கிறார். 'எல்எஸ்' கட்டளையில் இரண்டு பெயர்களை மறைக்கப் போய், புள்ளி வைத்த எல்லாமே மறைந்ததாம். அப்படிக் குவிந்ததை ஒரே 'கான்ஃபிக்' கோப்புறைக்குள் சேர்க்கச் சொன்ன எக்ஸ்டிஜி விதி 2003இல் வந்தது.

விசைப்பலகைக்கு மட்டும் ரொம்ப நாளா இப்படி ஒரு இடம் கிடைக்கல. 2020இல் வந்த லிப்எக்ஸ்கேபிகாமன் 1.0தான் எட்சியிலும் தேடத் தொடங்கியது, அதுவும் வேலண்டில் ஓடும் திரைகளுக்கு மட்டும்தான். நம்ம இரண்டு விசைகளையும் இப்போ அங்க ஒரு தனிக் கோப்பா, தனிப் பெயரில் வச்சிருக்கோம். அதுக்குப் பிறகு இரண்டு அப்டேட் வந்து போச்சு. பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாது.