மழைக்கு மறுநாள் விடியற்காலை: கொழும்புக் கரையோர நீரில் பற்றீரியா

கொழும்பின் கழிவுநீர் தெற்கே வெள்ளவத்தையிலும், வடக்கே கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரத்திலும் கடலுக்குள் போகிறது. இரண்டு இடத்திலும் குழாய்கள் கரையைவிட்டு ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால் ஓடி நீரடியில் வாய் திறக்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய இந்த வலையமைப்பு நெடுங்காலம் கழிவைச் சல்லடையில் வடித்ததோடு நின்று, மீதி வேலையைக் கடலிடம் விட்டிருந்தது. கடல் அந்த வேலையைச் செய்கிறதா என்றுதான் பொதுவாகக் கேட்கிறோம். எந்த நேரத்தில் செய்கிறது என்று கேட்பதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

குடலில் வாழும் பற்றீரியாவுக்குக் கடல் ஒத்துவராத இடம். உப்பு அதை வாட்டுகிறது, உணவு கிடைப்பதில்லை, ஒருகல உயிரிகள் மேய்ந்து தின்கின்றன. இவை எல்லாவற்றையும்விட விரைவாகக் கொல்வது வெயில். தெளிந்த நீரில் நண்பகல் வெயில் பட்டால் ஈ. கோலி என்னும் குடல் பற்றீரியாவில் பத்துக்கு ஒன்பது பங்கு சில மணி நேரத்தில் போய்விடும். அதே அழிவுக்கு இருளில் நாட்கணக்கு ஆகும். கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் பீச் பற்றி 2002இல் வெளியான ஆய்வு, கரையலை நீரில் குடல் பற்றீரியாவின் எண்ணிக்கை இரவில் ஏறிப் பகலில் இறங்குவதைக் காட்டியது. கொழும்பு மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது, வெயிலுக்குப் பஞ்சமில்லை. கலங்கலுக்கும் பஞ்சமில்லை என்பதுதான் சிக்கல்.

மழை பெய்தால் கடல் அழுக்காகும் என்பது வெள்ளவத்தையில் குளிக்கப் போகும் பிள்ளைக்கும் தெரியும். மழை இரண்டு வேலை செய்கிறது என்பதைத்தான் கவனிக்கத் தவறுகிறோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றிலும், ஒக்டோபர் நவம்பர் இடைப்பருவ மழையிலும், வெள்ளவத்தைக் கால்வாய் தெருக்கழிவையும் குழாயில் சேராத மலக்கழிவையும் அடித்துக்கொண்டு வருகிறது. வடக்கே களனி கங்கை செம்மண் நிறத்தில் கடலுக்குள் விரிகிறது. முகத்துவாரம் என்ற ஊர்ப்பெயரே அந்த வாயைச் சொல்கிறது. வந்து சேரும் சேறு பற்றீரியாவுக்குக் குடை. துகளில் ஒட்டிய கலத்தை வெயில் எட்டுவதில்லை. துகளோடு அது அடியில் படிந்து, அடுத்த பேரலையில் மறுபடி மேலே வருகிறது. மேகமும் மூடியிருந்தால் கேட்கவே வேண்டாம். கொண்டுவந்த மழையே காப்பாற்றியும் வைக்கிறது.

நீண்ட குழாயைப் போட்டதன் நோக்கம், கழிவைத் தொலைவில் கலக்கவிட்டுக் கரையைக் காப்பது. கால்வாய் அந்த ஏற்பாட்டைச் சுற்றிக்கொண்டு நேரே கரையில் வந்து இறங்குகிறது. அமைதியான மாதங்களில் அதன் வாயில் மணல்மேடு கட்டும். பின்னால் நீர் தேங்கிக் கறுக்கும். முதல் கனமழையில் மேடு உடைந்து அவ்வளவும் ஒரேயடியாக வெளியேறும். கொழும்பில் வற்றுப்பெருக்கு பெரியதாக இருக்கும் நாட்களிலும் ஒரு மீற்றரை எட்டாது. அதனால் வற்றுப்பெருக்கு வந்து கழுவிப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது. தென்மேற்குக் காற்று கரையை நோக்கித் தள்ளும்போது அந்தக் கறுப்பு நீர் அலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பழியைக் குழாயின் மேல் போடுவது எளிது. குளிப்பவரின் காலடிக்கு வருவது பெரும்பாலும் கால்வாய் நீர் என்றே கருதுகிறேன்.

விப்ரியோ என்னும் பற்றீரியா இனங்களின் கதை வேறு. அவை கடலிலும் கழிமுகத்திலும் பிறந்து வாழ்பவை. 27 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள எமது கரையோர நீர் அவற்றுக்குச் சுகமானது. மழையில் உவர்த்தன்மை குறையும்போது கொலராக் கிருமிக்கும் விப்ரியோ வல்னிஃபிக்கஸுக்கும் இன்னும் வசதி. கொலராக் கிருமி கோபிபொட் என்னும் நுண்ணிய ஓட்டுயிரிகளில் ஒட்டி வாழ்வதை ரீட்டா கோல்வெல் குழுவினர் காட்டினர். உயிரோடிருந்தும் வளர்ப்பு ஊடகத்தில் முளைக்காத நிலைக்கு ஈ. கோலியும் கொலராக் கிருமியும் போகக்கூடும் என்று அவரும் சகாக்களும் 1982இல் எழுதினர். எனவே தட்டில் ஈ. கோலி முளைக்காததை வைத்து விப்ரியோவைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2003 வழிகாட்டி, 100 மில்லிலீற்றரில் உள்ள எண்டரோகொக்கஸ் என்னும் குடல் பற்றீரியாவின் எண்ணிக்கையை 40, 200, 500 என்ற எல்லைகளால் தரம் பிரிக்கிறது. ஒப்பிட வேண்டியது சராசரியை அல்ல, நூறில் தொண்ணூற்றைந்து மாதிரிகள் தாண்டாத அளவை. மோசமான நாட்களையும் எண்ணு என்றுதான் அதற்குப் பொருள். நல்ல வெயிலில், காலை பத்து மணிக்கு, அலுவலக வாகனம் கிடைத்த நாளில் எடுத்த மாதிரிகளை மட்டும் அடுக்கினால் அந்த அளவே பொய்யாகும்.

மழைக்கு மறுநாள், வெளிச்சம் வருமுன், கால்வாய் வாயருகே முழங்கால் ஆழத்தில் நின்று, போத்தலின் வாயை நீரோட்டத்தை நோக்கித் திருப்பி, மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே மூழ்கடித்து மாதிரி எடுக்க வேண்டும். அங்கேயே ஈரமணலில் ஒரு பிடியும் வேண்டும். பிறகு பனிக்கட்டிப் பெட்டிதான். போத்தலை வெயிலில் முச்சக்கரவண்டி இருக்கையில் போட்டுக்கொண்டு காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வந்தால், கடல் செய்யாத சுத்திகரிப்பை வழியில் வெயில் செய்துவிடும்.