இராயபுரம் ரயில் நிலையம்

வடசென்னையில் துறைமுகத்தை ஒட்டி நிற்கும் விக்டோரியா காலக் கட்டடம். இந்தியாவில் இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இதுவே. பம்பாயில் 1853இலும் ஹவுராவில் 1854இலும் ரயில் ஓடத் தொடங்கினாலும், அங்கே முதலில் எழுந்த நிலையங்கள் இப்போது இல்லை.

மெட்ராஸ் ரயில்வே கம்பெனி கட்டிய இந்நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு 1856 ஜூன் 28 அன்று திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா சாலை வரை, ஏறத்தாழ 100 கி.மீ. தூரத்துக்குப் பொதுமக்களுக்கான ரயில் ஓடியது. ஆங்கிலேயரின் கோட்டையும், கறுப்பர் நகரம் எனப்பட்ட இந்தியர் குடியிருப்பின் வணிகர்களும் அருகிலேயே இருந்ததால் இராயபுரம் பொருத்தமான இடமாயிற்று.

வடிவமைத்தவர் வில்லியம் அடெல்பி டிரேசி. அக்காலத்து ஆங்கிலேயச் சிற்றூர்த் தேவாலயங்களில் பரவிய கூர்முனை வளைவுகளையும் ஊசிக் கோபுரத்தையும் அவர் நாடவில்லை. அதற்குச் சற்று முந்தைய ரீஜன்சி பாணியையே எடுத்துக்கொண்டார். சிவப்புச் சுவருக்கு முன் வெண்ணிறத் தூண்கள் வரிசையாக எழுகின்றன. உயர்ந்த கூரை வெப்பக் காற்று மேலே எழ இடம் தருகிறது. தூண்களுக்குப் பின்னுள்ள தாழ்வாரம் வெயிலைத் தடுக்கிறது. நம் கடற்கரை வெக்கைக்கு இவ்வளவு இசைந்த முகப்பு அந்நாளைய அரசுக் கட்டடங்களில் அரிது என்றே சொல்ல வேண்டும். 1873இல் எழுந்த சென்ட்ரல் நிலையமோ கோதிக் சாயலுக்கும் கோபுரத்துக்கும் திரும்பியது. பயணிகளும் அங்கே நகர்ந்தனர்.

பல்லாண்டு புறக்கணிப்புக்குப் பின் 2005இல் கட்டடம் புதுப்பிக்கப்பட்டது. புறநகர் ரயில்கள் இன்றும் இங்கே நிற்கின்றன.