கொடைக்கானல் டிராஃபிக்: இ-பாஸ் மட்டும் போதுமா?

லாங் வீக்கெண்ட் வந்தாலே 'மச்சி, கொடைக்கானல் போலாமா?' என்று வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வந்துவிடும். ஆனால், மலையேறியபின் ஏரியைவிட முன்னால் நிற்கும் காரின் பின்பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏன்?

சிக்கல் எங்கே?

வத்தலக்குண்டு சாலை, பழநி சாலை இரண்டும் பெருமாள்மலையில் சேர்ந்துவிடுகின்றன. அங்கிருந்து ஊருக்குள் போக, வெள்ளி நீர்வீழ்ச்சி வழியாகச் செல்லும் மலைச்சாலைதான் முக்கிய வழி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அகலப்படுத்த மலையை வெட்டினால் மண்சரிவு அபாயம்.

இ-பாஸ் எதற்கு?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 சீஸனுக்கு எண்ணிக்கையிலும் கட்டுப்பாடு வந்தது. கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. உள்ளூர் வண்டிகள், அரசுப் பேருந்துகளுக்கு விலக்கு உண்டு.

6,000 என்பது குறைவா? நான்கு மீட்டர் நீளமுள்ள கார்களை இடைவெளியே இல்லாமல் நிறுத்தினால் 24 கிலோமீட்டர். ஏரியைச் சுற்றியுள்ள சாலையே சுமார் 5 கிலோமீட்டர்தான்!

உலகம் என்ன செய்தது?

சிங்கப்பூர் 1975-லேயே நகர மையத்துக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் வைத்தது. லண்டன் 2003-ல் பின்தொடர்ந்தது. கூடவே பஸ், ரயில் வசதியையும் பெருக்கினார்கள். வண்டியைத் தடுப்பது பாதி வேலை. மாற்று வழி கொடுப்பது மீதி.

உள்ளூர்க்காரர்கள் நிலை

நமக்கு டிராஃபிக் என்றால் இரண்டு மணி நேர எரிச்சல். பக்கத்திலிருக்கும் வில்பட்டி மாதிரியான கிராமங்களுக்கு அப்படியில்லை. கேரட், பீன்ஸ் மூட்டைகளோடு சந்தைக்குப் போகிற வண்டியும், பிரசவ வலியோடு போகிற ஆம்புலன்ஸும் இதே நெரிசலில்தான் சிக்கும். இ-பாஸிலிருந்து விலக்கு இருக்கலாம். நெரிசலிலிருந்து விலக்கு கிடையாதே!

நீங்கள் என்ன செய்யலாம்?

* முடிந்தால் பஸ்ஸில் போங்கள். ஒரு பஸ்ஸில் 48 பேர் போனால், நாலு பேர் போகும் 12 கார்கள் குறையும்.
* சனி, ஞாயிறைத் தவிர்த்து செவ்வாய், புதன் பிளான் பண்ணுங்கள்.
* வளைவுகளில் செல்ஃபிக்காக வண்டியை நிறுத்தாதீர்கள்.
* ஏரிக்கு நடந்தே போகிற தூரத்தில் ரூம் போட்டால், வண்டியை எடுக்கவே வேண்டாம்.
* கிளம்பும்முன் அப்போதைய இ-பாஸ் விதிகளைப் பார்த்துவிடுங்கள். செக்போஸ்ட்டில் நின்று போனைத் தடவினால், உங்களுக்குப் பின்னால் இன்னொரு வரிசை உருவாகும்!