முகூர்த்தமும் 12 படங்களும்

தமிழ்நாட்டில் கல்யாணப் படம் தொடக்கத்தில் பெரும்பாலும் ஸ்டுடியோவில்தான் எடுக்கப்பட்டது. தாலி கட்டிய பிறகு மணமக்கள் மாலையும் கழுத்துமாகப் போய், ஓவியத் திரைச்சீலை முன் அசையாமல் நிற்பார்கள். கேமரா மணமேடைக்கே வந்தபோதுதான் திட்டமிடல் தேவைப்பட்டது. 120 ரக பிலிம் சுருளில் சதுரப் படம் 12 மட்டுமே விழும். மாலை மாற்றல், அம்மி மிதித்தல், மெட்டி அணிவித்தல், குடும்பப் படம் என எதற்கு எத்தனை என்பதை முன்பே கணக்கிட வேண்டும்.

மிகக் கடினமானது தாலி கட்டும் நேரம். பிளாஷ் பல்பு ஒருமுறை எரிந்தால் தீர்ந்தது. சூடான பல்பைக் கழற்றி அடுத்ததைப் பொருத்துவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிடும். பல குடும்பங்களில் நாத்தனாரும் முடிச்சுப் போடுவார்; அவருக்கும் படத்தில் இடம் விட வேண்டும். கெட்டிமேளம் முழங்க, அட்சதை பறக்க, நீளும் கைகளுக்கிடையே ஒரே அழுத்தலில் அதைப் பிடித்தவர்களின் நிதானம் அபாரமானது.

பின்னர் 35 மி.மீ. சுருள் 36 படங்கள் தந்தது. உதகமண்டலத்தின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உள்நாட்டிலேயே பிலிம் தயாரித்தது. வண்ணமும் வீடியோவும் தொடர்ந்தன. டிஜிட்டல் கேமரா வந்தபின் எண்ணிக்கைக் கட்டுப்பாடே நீங்கியது. பழைய நெகட்டிவ்களோ ஈரத்தில் ஒட்டி அழிகின்றன. வீட்டில் இருப்பவற்றை இப்போதே ஸ்கேன் செய்து, படத்தில் இருப்பவர்களின் பெயர்களையும் எழுதிவைக்க வேண்டும்.