யாருடைய பாத்தி? சுருலிலிருந்து வார்தா வரை

மாணவர் வேளாண்மையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1937-இல், வார்தாவில், காந்தியிலிருந்து தொடங்குகின்றனர். பதினைந்து ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று வங்காளத்தின் சுருல் கிராமத்திலிருந்து தொடங்கினால் வேறொரு கேள்வி எழுகிறது: மாணவன் கொத்திய பாத்தியில் விளைவது யாருக்கு?

சாந்திநிகேதனை அடுத்த சுருலில் 1922 பிப்ரவரியில் லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் சில மாணவர்களுடன் குடியேறினார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்ற அவரை அழைத்தவர் தாகூர். தம் மகன் ரதீந்திரநாத்தையும் அவர் 1906-இலேயே வேளாண்மை படிக்க இல்லினாய்க்கு அனுப்பியிருந்தார். (வசதியுள்ள வீட்டார் பிள்ளைகளைச் சட்டம் படிக்க இலண்டனுக்கு அனுப்பிய காலம் அது.) சுருலில் முதற்பாடம் ஏருமன்று, விதையுமன்று. துப்புரவுக்குத் தனியே ஆள் வைப்பதில்லை என்று முடிவாயிற்று. கழிவறைக் கழிவைக் குழியிட்டு மூடி எருவாக்குவது மாணவர்களின் வேலையாயிற்று. மண்வளம் எங்கே சாதியைத் தொடுகிறது என்பதை எந்த விரிவுரையைக் காட்டிலும் அக்குழிகள் தெளிவாகக் காட்டியிருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

1924-இல் ஆதரவற்ற, ஏழைச் சிறுவர்களுக்கென ‘சிக்ஷா சத்ரா’ தொடங்கப்பட்டது. இதிலுள்ள ‘சத்ர’, நம் ‘சத்திரம்’ என்ற சொல்லின் உறவுதான். கைம்மாறு கேளாமல் வழங்கும் இடம். எல்ம்ஹர்ஸ்ட் வகுத்த திட்டப்படி, ஒவ்வொரு சிறுவனுக்கும் தனக்கென ஒரு சிறு நிலத்துண்டு உண்டு. அது அவனுடைய விளையாட்டிடம், சோதனைப் பண்ணை இரண்டுமாகும். தவறாக விதைத்துப் பார்க்கும் உரிமையும் அதில் அடக்கம்.

வார்தாவின் நெருக்கடி வேறு. மாகாணங்களில் பொறுப்பேற்ற காங்கிரஸ் அமைச்சரவைகள் மதுவிலக்கை விரும்பின. கல்விச் செலவோ கள், சாராய வருவாயை நம்பியிருந்தது. பள்ளி தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்ற காந்தியின் யோசனைக்கு இந்தப் பின்னணியும் உண்டு. 1937 அக்டோபர் மாநாடு, மாணவர் உழைப்பின் பயன் காலப்போக்கில் ஆசிரியர் ஊதியத்தை ஈடுசெய்யும் என எதிர்பார்த்தது. பொருளியலாளர் கே.டி. ஷா அங்கேயே மறுப்புத் தெரிவித்தார். பொருளாதார நோக்கம் கல்வி நோக்கத்தை விழுங்கிவிடலாம் என்ற ஆபத்தை ஜாகிர் உசேன் குழுவின் அறிக்கையும் மறைக்கவில்லை. ஆயினும் ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் 3 மணி 20 நிமிடத்தை அது கைத்தொழிலுக்கே ஒதுக்கியது.

அக்குழுவின் அமைப்பாளர் ஈ.டபிள்யூ. ஆரியநாயகம், யாழ்ப்பாணத் தமிழர். சாந்திநிகேதனில் பணியாற்றிவிட்டு வார்தாவுக்கு வந்தவர். இரு சோதனைகளையும் உள்ளிருந்து கண்ட அவரைப் பற்றித் தமிழில் நாம் எழுதியிருப்பது மிகக் குறைவு.

ஆதாரக் கல்வியின் கைத்தொழிற் பட்டியலில் வேளாண்மையும் இருந்தது. நடைமுறையிலோ நூற்பே ஓங்கியது. நிலமும் நீரும் இல்லாத பள்ளிகள் பல என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் நான் ஐயுறுகிறேன்: நூற்ற நூலை மாலையிலேயே அளந்து பதிவேட்டில் ஏற்றலாம். கத்தரிச் செடி அப்படிக் கணக்குக் கொடுக்காது. பூச்சி விழுந்தால் கொடுக்கவே கொடுக்காது. வருவாயைக் கேட்கும் பள்ளிக்கு வேளாண்மை வசதியான பாடமன்று. வருவாயைக் கேட்காத சிக்ஷா சத்ராவில் பட்டுப்போன செடியும் பாடமாக இருந்திருக்க முடியும்.

2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையிலான வகுப்பினருக்குப் பத்து நாள்கள் புத்தகப் பையின்றித் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் பயிலச் சொல்கிறது. இங்கே விளைச்சலை எவரும் கேட்கவில்லை; காலத்தையும் எவரும் கொடுக்கவில்லை. முளைக்கீரைகூடப் பறிப்புக்கு வர மூன்று வாரத்துக்கு மேலாகும்.

தமிழ்நாட்டு ஆதாரப் பள்ளிகளின் பழைய தோட்டப் பதிவேடுகளோ மாணவர் நாட்குறிப்புகளோ எங்கேனும் இருப்பதை அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். பாத்திகள் மாணவர் பெயரில் இருந்தனவா, வகுப்பின் பெயரில் இருந்தனவா என்பதையே முதலில் பார்க்க விரும்புகிறேன்.